கொரிந்தும் கொடுமணமும்

கொங்கு நாட்டின் மேற்கே வானளாவி நிற்பது வெள்ளியங்கிரி மலை. அம்மலையில் தோன்றிப் பேரூரையும் கோவையையும் திருப்பூரையும் கடந்து, கிழக்கே ஓடிக் காவிரியிற் கலப்பது நொய்யல் ஆறு. அவ்வாற்றின் வடகரையில், ஈரோடு மாவட்டத்தில், கொடுமணல் என்னும் சிற்றூர் ஒன்று உள்ளது. வழிப்போக்கர் கண்ணுக்கு அது கொங்கு நாட்டின் பிற ஊர்களைப் போன்றதே. ஆயினும், அவ்வூர்க் காட்டில் உழவர் ஏர் பூட்டி உழும்போது, கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகள் மண்ணுக்கடியிலிருந்து புரண்டு மேலே வரும். அவற்றுள் சிலவற்றில் கீறல்கள் காணப்படும். அக்கீறல்கள் குழந்தைகள் கிறுக்கிய கோடுகள் அல்ல. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்கள் தம் கையால் எழுதிய எழுத்துகள்.

சங்க நூல்களுள் ஒன்றாகிய பதிற்றுப்பத்து, கொடுமணம் என்னும் ஊரைப் போற்றுகின்றது. அவ்வூரே இன்றைய கொடுமணல் என்பது அறிஞர் கருத்து. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985ஆம் ஆண்டு முதல் இங்கே அகழாய்வு செய்தனர். பின்னர்ப் புதுவைப் பல்கலைக்கழகத்தாரும் தமிழ்நாட்டு அரசின் தொல்லியல் துறையினரும் அப்பணியைத் தொடர்ந்தனர். தோண்டத் தோண்ட ஒரு தொழில் நகரமே வெளிப்பட்டது. இரும்பை உருக்கிய உலைகள் கிடைத்தன. மணி கோப்போர் பட்டை தீட்டிய கற்களும், துளையிட்ட மணிகளும், துளையிடும்போதே உடைந்து எறியப்பட்ட மணிகளும் கிடைத்தன. சங்கை அறுத்து வளையல் செய்த தடயங்களும் காணப்பட்டன. இவை எல்லாவற்றினும் சிறந்த செல்வம் எழுத்துப் பொறித்த ஓடுகளே. தமிழ் பிராமி எழுத்துடைய ஓடுகள் ஐந்நூற்றுக்கு மேல் கிடைத்துள்ளன. கண்ணன் ஆதன், பண்ணன், சம்பன், விசாகி என்பன அவற்றில் படிக்கப்பட்ட பெயர்களுட் சில. ‘நிகமம்’ என்னும் சொல்லும் ஓர் ஓட்டில் உள்ளது. வணிகர் குழுவைக் குறிக்கும் சொல் அது.

அரசர் தம் பெயரைக் கல்லிலே பொறித்தனர். புலவர் தம் பாட்டை ஏட்டிலே எழுதினர். ஆனால், கண்ணன் ஆதன் தன் பெயரைத் தான் உண்ணும் கலத்திலே கீறினான். அவன் மன்னனா, மணி தீட்டுபவனா, வணிகனா? அவன் மனைவி மக்கள் யாவர்? எதற்காக மகிழ்ந்தான்? எதற்காக வருந்தினான்? இவ்வினாக்களுக்கு அவ்வோடு விடை கூறவில்லை. ‘நான் இருந்தேன்’ என்று மட்டும் சொல்லி அமைந்து விடுகிறது.

கொடுமணத்து மக்கள் வாழ்ந்த அதே காலத்தில், மேலைக் கடலுக்கு அப்பால் வேறொரு தொழில் நகரம் இருந்தது. அந்நகரத்து எளிய மக்களின் பெயரை மட்டுமன்றி, அவர்தம் பூசலையும் பசியையும் குறையையும் நாம் இன்று அறிகின்றோம். அந்நகரம் கிரேக்க நாட்டுக் கொரிந்து. அதனை நமக்கு அறிவிப்பவை சில திருமுகங்கள்.

இவ்விரு நகரங்களும் தொடர்பற்ற இரு மூலைகள் என்று கருத வேண்டா. கோவையை அடுத்த வெள்ளலூரில் உரோம நாட்டு வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்துள்ளன. அகஸ்டஸ், டைபீரியஸ் என்னும் பேரரசர்களின் முகங்கள் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. கொரிந்து நகரத்துக் கடைவீதியிலும் அப்பேரரசர்களின் ஆணையே செல்லுபடியாயிற்று. காங்கேயத்தை அடுத்த படியூரில் பெரில் என்னும் மணிக்கல் கிடைத்தது. தூய கடல்நீரின் பசுமையை ஒத்த பெரிலே உயர்ந்தது என்று உரோம அறிஞர் பிளினி கூறுவார். அக்கல் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருவது என்பதையும் அவரே குறித்துள்ளார். முசிறித் துறையில் ஏறிய சரக்கு செங்கடலில் இறங்கி, ஒட்டகத்தின் மேல் பாலை கடந்து, நைல் ஆற்றின் வழியாக அலெக்சாந்திரியாவை அடையும். அங்கிருந்து நடுநிலக் கடலெங்கும் பரவும். செங்கடற் கரையில், எகிப்து நாட்டுக் குசேர் அல் காதிம் என்னும் பழந்துறையில், தமிழ் பிராமியில் கணன், சாதன் என்று பெயர் பொறித்த ஓடுகள் கிடைத்துள்ளன. கொடுமணத்தான் கலத்தில் எழுதியது போலவே, கடல் கடந்து சென்ற தமிழனும் தன் கலத்தில் எழுதியிருக்கிறான்!

இனிக் கொரிந்து நகரைக் காண்போம். கிரேக்க நாட்டின் படத்தை விரித்துப் பாருங்கள். நாட்டின் தென்பகுதி ஒரு பெருந்தீவு போலத் தோன்றும். அதனை வடபகுதியோடு இணைப்பது ஏறத்தாழ 6 கிலோமீட்டர் அகலமே உள்ள ஒரு நிலக்கழுத்து. அக்கழுத்தின் அருகே அமைந்தது கொரிந்து. மேலைக் கடலுக்கு இலெக்கேயம், கீழைக் கடலுக்குக் கெங்கிரேயா என இரண்டு துறைமுகங்கள் அதற்கு உண்டு. தென்முனையைச் சுற்றிச் செல்லும் கடல்வழி புயலுக்கு அஞ்ச வேண்டிய வழி. ஆதலால், பண்டைக் கிரேக்கர் கி.மு. 600ஐ ஒட்டிக் கழுத்தின் குறுக்கே கல் பாவிய பாதை ஒன்று அமைத்தனர். அதன் வழியே பாரம் ஏற்றிய வண்டிகளையும், வேண்டியபோது கப்பல்களையுமே இழுத்துச் சென்றனர். ஒரு கடலில் மிதந்த கலம் மறு கடலில் மிதக்கும் விந்தையைக் கண்டோர் வியந்தனர். பிற்காலத்தில் அந்நிலக்கழுத்தை வெட்டி 1893ஆம் ஆண்டில் கால்வாய் திறந்தனர்.

கொங்கு நாட்டின் நிலையும் இதனை ஒத்ததே. மேற்குக் கரையின் முசிறியையும் கிழக்குக் கரையின் புகாரையும் இணைத்த பெருவழி, பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து, நொய்யற் கரையோடு சென்று, சேரர் தலைநகராகிய கரூரை அடைந்து, காவிரியோடு கீழ்க்கடலை நோக்கிச் சென்றது. அவ்வழியிலே கொடுமணம் இருந்தது. இரு கடலுக்கு இடையே இருப்பவன் இரு கடற் செல்வத்தையும் காண்பான். இரு கடல் மக்களோடும் பழகுவான். கொரிந்துக்கும் கொடுமணத்துக்கும் உள்ள ஒப்புமை இதுவே.

செல்வம் சேர்ந்த இடத்தில் பகையும் சேரும். கி.மு. 146ஆம் ஆண்டில் மும்மியஸ் என்னும் உரோமத் தளபதி கொரிந்தைத் தாக்கி அழித்தான். ஆடவர் வாளுக்கு இரையாயினர். பெண்டிரும் பிள்ளைகளும் அடிமைகளாக விற்கப்பட்டனர். ஏறத்தாழ நூறாண்டுகள் அந்நகரம் பாழ்பட்டுக் கிடந்தது. கி.மு. 44ஆம் ஆண்டில் ஜூலியஸ் சீசர் அதனை உரோமர் குடியேற்றமாக மீண்டும் அமைத்தான். விடுதலை பெற்ற அடிமைகள் பலர் அங்கே குடியேறினர். கிரேக்கர், உரோமர், யூதர், எகிப்தியர் எனப் பல திசை மக்கள் வந்து கூடினர். ஈராண்டுக்கு ஒருமுறை நகரின் அருகே ஓட்டமும் மற்போரும் நிகழ்ந்தன. வென்றவன் தலையில் இலை முடி சூட்டப்பட்டது. நேற்று அடிமையாயிருந்தவன் இன்று செல்வன் ஆகலாம் என்னும் ஆசை அந்நகரின் காற்றிலேயே கலந்திருந்தது.

அத்தகைய நகரத்துக்குக் கி.பி. 50ஐ ஒட்டிப் பவுல் என்பவர் வந்தார். அவர் தர்சு என்னும் ஊரில் பிறந்த யூதர்; கிறித்துவ சமயத்தைத் தொடக்க காலத்தில் பரப்பியோருள் முதன்மையானவர். அக்காலத்தில் கிளாடியஸ் என்னும் பேரரசன் யூதரை உரோமை விட்டு வெளியேற்றியிருந்தான். அவ்வாறு வெளியேறி வந்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்னும் கணவனும் மனைவியும் கொரிந்தில் கூடாரம் செய்து பிழைத்தனர். பவுலும் அத்தொழில் அறிந்தவர். ஆதலால், அவர்கள் வீட்டிலே தங்கி, பகலில் கூடாரம் தைத்து, ஓய்ந்த வேளையில் தம் கொள்கையை எடுத்துரைத்து, ஒன்றரை ஆண்டு அங்கே வாழ்ந்தார். அந்நாளில் அந்நாட்டு ஆளுநனாக இருந்தவன் கல்லியோன். அவன் பெயரைக் கூறும் கல்வெட்டு ஒன்று டெல்பி என்னும் கிரேக்க நகரில் கிடைத்தது. அதனால் பவுல் கொரிந்தில் இருந்த ஆண்டு நமக்குத் தெளிவாயிற்று. ஏடு சொன்ன செய்திக்குக் கல் சான்று பகர்ந்தது.

பவுல் கொரிந்தை விட்டுச் சென்று எபேசு நகரில் தங்கியிருந்தபோது, கொரிந்து நகரத்து அன்பர் குழு நான்கு பக்கமும் பிளவுபட்டது. குலோவேயாள் என்னும் பெண்ணின் வீட்டார் கடல் கடந்து வந்து அச்செய்தியைக் கூறினர். ஸ்தேவான், பொர்த்துனாத்து, அகாயுக்கு என்னும் மூவரும் அங்கிருந்து வந்து சேர்ந்தனர். அக்காலத்தில் அரசின் அஞ்சல் அரசுப் பணிக்கே உரியது. எளியவர் ஓலை அனுப்ப வேண்டுமாயின், அத்திசை செல்லும் ஆள் ஒருவனைத் தேட வேண்டும். எகிப்து நாட்டுக் கோரையாற் செய்த தாளில் நாணற் கோலால் மை தொட்டு எழுதுவர். பவுல் வாயாற் சொல்ல, எழுத்தன் எழுதுவான். முடிவில் தம் கையாலேயே ஒரு வாழ்த்து எழுதி முடிப்பது பவுலின் வழக்கம். இவ்வாறு எழுதப்பட்டவையே கொரிந்தியருக்கு எழுதிய திருமுகங்கள். தமிழ்க் கிறித்துவர் இவற்றை நிருபம் என்றும் வழங்குவர்.

திருமுகம் என்றதும் வாழ்த்துரையே நிறைந்திருக்கும் என்று எண்ணுவோம். இவையோ அவ்வாறு அமையவில்லை. அன்பர் குழுவினர் வாரந்தோறும் கூடி ஒருங்கே உண்பது வழக்கம். செல்வர்கள் முன்னதாகவே வந்து வயிறார உண்டு குடித்தனர். நாள் முழுதும் உழைத்து இரவில் ஓடி வந்த கூலியாளும் அடிமையும் வெற்றுக் கலத்தைக் கண்டு பசியோடு நின்றனர். பவுல் இச்செய்தியைக் கேட்டுச் சினந்தார். இது பொது விருந்து ஆகாது என்றும், இல்லாதவரை நாணச் செய்வது பெருங்குற்றம் என்றும், ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து உண்ண வேண்டும் என்றும் எழுதினார். இன்னார் என் தலைவர், இன்னார் உன் தலைவர் என்று கட்சி கட்டியோரைக் கண்டித்தார். உடலின் உறுப்புகள் பலவாயினும் உடல் ஒன்றே. மெலிந்தது எனத் தோன்றும் உறுப்பும் உடலுக்கு இன்றியமையாதது என்று விளக்கினார். அவர்கள் கண்முன் நிகழ்ந்த ஓட்டப்பந்தயத்தையே உவமையாகக் காட்டி, வாடும் முடிக்காக வீரன் உடலை அடக்குகிறானே, வாடாத முடிக்காக நீங்கள் உள்ளத்தை அடக்க வேண்டாவா என்னும் கருத்தை வைத்தார். நாவன்மையும் நுண்ணறிவும் கொடையும் இருந்தும் அன்பு இல்லையாயின் யாவும் பாழ் என்று அவர் எழுதிய பகுதி உலகப் புகழ் பெற்றது. திருக்குறளில் அன்புடைமை அதிகாரத்தைப் பயின்ற தமிழ் மாணவர்க்கு அக்கருத்து புதிதன்று; எனினும், எந்தச் சூழலில் அது எழுந்தது என்பதை அறியும்போது அதன் ஆழம் விளங்கும். இன்பமான சோலையில் இருந்து எழுதிய சொல் அன்று அது. பசித்தவன் முன் கலத்தை மறைத்த மக்களை நோக்கி எழுந்த சொல்.

அத்திருமுகங்களிலே வரும் பெயர்களைக் கவனியுங்கள். பவுல் கொரிந்தில் இருந்தபடியே உரோம நகரத்தார்க்கும் ஒரு திருமுகம் எழுதினார். அதில் கெங்கிரேயாத் துறையைச் சேர்ந்த பெபேயாள் என்னும் பெண்ணைப் பாராட்டுகின்றார். நகரத்துக் கருவூலம் காக்கும் எரஸ்து என்பவனின் வணக்கத்தையும் கூறுகின்றார். இடையே ஒரு வியப்பு! அதனை எழுதிய எழுத்தன் தெர்தியு, தலைவர் சொல்லச் சொல்ல எழுதி வந்தவன், தன் வணக்கத்தையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டான். அந்த ஒரு வரியால் அவன் பெயர் ஈராயிரம் ஆண்டு நிலைத்தது. நம் கண்ணன் ஆதனும் இவனும் உடன்பிறந்தார் போல்வர் அல்லரோ?

எழுதியதனாலேயே இம்மடல்கள் நிலைத்தனவா? இல்லை. பவுல் தம் முதல் திருமுகத்தில், தாம் அதற்கு முன்னரே எழுதிய வேறொரு மடலைக் குறிப்பிடுகின்றார். அம்மடல் இன்று இல்லை. படி எடுப்பார் இன்மையால் அது அழிந்தது. எஞ்சியவை ஏன் எஞ்சின? கொரிந்து நகரத்தார் தம்மை இடித்துரைத்த மடலைக் கிழித்து எறியவில்லை. தம் குறையைக் கூறும் ஏட்டைத் தாமே படித்து, தாமே படி எடுத்து, பிற ஊரார்க்கும் கொடுத்தனர். இஃது எளிய செயல் அன்று. புகழ்ந்து எழுதிய ஓலையைப் பேணுவோர் பலர். இகழ்ந்து எழுதிய ஓலையைப் பேணுவோர் மிகச் சிலரே. கி.பி. 96ஐ ஒட்டி அந்நகரில் மீண்டும் பூசல் மூண்டது. இளையோர் சிலர் மூத்தோரைப் பொறுப்பிலிருந்து நீக்கினர். அதுகேட்டு உரோம நகரத்து அன்பர் குழு ஒரு நீண்ட மடல் எழுதிற்று. கிளெமெந்து எழுதியது என வழங்கும் அம்மடலில், பவுல் முன்பு எழுதியதை எடுத்துப் பாருங்கள் என்னும் நினைவூட்டலும் உண்டு. கி.பி. 170ஐ ஒட்டிக் கொரிந்தில் ஆயராக இருந்த தியோனீசியு, கிளெமெந்தின் மடலைத் தம் ஊரார் கூட்டத்தில் படித்து வருவதாகக் குறித்துள்ளார். எழுபது ஆண்டுக்கு மேலாகியும் அக்கண்டன ஓலையைக் கொரிந்தியர் மறக்கவில்லை.

பவுலின் மடல்களைத் தாங்கிய பழந்தாட்சுவடி ஒன்று, ஏறத்தாழ கி.பி. 200ஆம் ஆண்டினது, எகிப்தின் வறண்ட மண்ணிலிருந்து வெளிவந்துள்ளது. 1715ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தபோது, கொரிந்தியர்க்கு எழுதிய மடல்கள் தமிழிலும் பேசலாயின. கொரிந்து நகரமோ நிலநடுக்கங்களால் சிதைந்தது. 1858ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற்குப் பின் மக்கள் அவ்விடத்தை விட்டு அகன்று கடலோரத்தில் புதிய ஊரை அமைத்தனர். பழைய ஊரில் அமெரிக்க அறிஞர்கள் 1896ஆம் ஆண்டு முதல் அகழ்ந்து வருகின்றனர். சந்தை வெளியும், ஆளுநன் அமர்ந்து வழக்குக் கேட்ட மேடையும், தூண்கள் சில நிற்கும் கோயிலும் அங்கே காணப்படுகின்றன. தூண் விழுந்தது, தாள் நின்றது.

தமிழரும் மடல் எழுதும் வழக்கம் அறிந்தவரே. மாதவி கோவலனுக்கு எழுதிய முடங்கல்களைச் சிலப்பதிகாரம் விரித்துரைக்கின்றது. கொடுமணத்து வணிகரும் முசிறிக்கும் கரூருக்கும் ஓலை விடுத்திருத்தல் கூடும். கலத்திலே பெயர் கீறத் தெரிந்தவர்க்கு ஓலையிலே செய்தி எழுதுதல் அரிதன்று. ஆனால், நம் நாட்டு வெயிலும் மழையும் கரையானும் ஓலையை விட்டு வைப்பதில்லை. படி எடுத்துப் பேணிய ஏடுகளே நமக்குக் கிட்டின, பேணாதவை மண்ணாயின. கொடுமணத்து மக்களிடமிருந்து நேரே நம் கைக்கு வந்தது ஓடு ஒன்றுதான்.

அவ்வோடும் இன்று இடுக்கணில் உள்ளது. கொங்கு நாட்டுக் காடுகளில் கல் வட்டங்கள் பல இருந்தன. அவை முன்னோரின் ஈமக் குழிகளைச் சுற்றி நிறுத்திய கற்கள். நிலத்தைத் திருத்துவோர் அவற்றைப் பெயர்த்து வரப்பிலே குவிக்கின்றனர். பொன் இருக்குமோ என்று குழியைக் கிளறுவோரும் உண்டு. பொன் கிடைக்காதபோது ஓட்டை உடைத்து எறிகின்றனர். எறிந்த ஓட்டில் ஒரு பெயர் இருந்திருக்கலாம். அப்பெயர் இனி உலகில் எங்கும் இல்லை. தம்மை இகழ்ந்த மடலையே கொரிந்தியர் காத்தனர். நம்மைப் பெற்றவர் பெயரையே நாம் உடைக்கலாமா?

மாணவர்களே! உங்கள் ஊர்க் காட்டிலோ ஆற்றங்கரையிலோ கீறல் உள்ள பானை ஓட்டைக் கண்டால், விளையாட்டாக நீரில் எறிந்து தத்தவிடாதீர்கள். அழுத்தித் தேய்த்துக் கழுவவும் வேண்டா, கீறல் அழிந்துவிடும். கிடைத்த இடத்தைக் குறித்து வைத்து, உங்கள் ஆசிரியரிடமோ தொல்லியல் துறையினரிடமோ தெரிவியுங்கள். இடம் அறியப்பட்ட ஓடே வரலாறு பேசும். இடம் அறியாத ஓடு ஊமை. எழுதுபவன் ஒருவனே, அவன் எழுத்தைக் காப்பவர் தலைமுறை தலைமுறையாக வரும் பலர். கொரிந்து நகரத்துத் தெர்தியுவுக்கு அத்தகையோர் கிடைத்தனர். நொய்யற் கரைக் கண்ணன் ஆதனுக்கு நாமே அவர்.

பயிற்சி

1. கொடுமணல் அகழாய்வில் கிடைத்த பொருள்கள் யாவை? அவற்றால் அவ்வூர் மக்களின் தொழில்களைப் பற்றி என்ன அறிகிறோம்?
2. கொரிந்தும் கொடுமணமும் இருப்பிடத்தால் எவ்வாறு ஒத்துள்ளன?
3. பொது விருந்தைப் பற்றிப் பவுல் கொரிந்தியரைக் கடிந்தது ஏன்?
4. ‘தூண் விழுந்தது, தாள் நின்றது’ – இத்தொடரை விளக்குக.
5. ‘எழுதுபவன் ஒருவனே, அவன் எழுத்தைக் காப்பவர் பலர்’ என்னும் கருத்தைப் பாடத்திலுள்ள சான்றுகளால் நிறுவி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.